துண்டா, துவாயா? மஞ்சள் பெட்டியோடு நான்கு மாதம்

திருகோணமலை பஸ் நிலையத்தடியில் ஆட்டோ ஓட்டுகிறேன். படிப்பிக்கிற விஷயத்தில் நான் பெரிய கெட்டிக்காரன் இல்லை, ஓ.எல் எழுதியதோடு கொப்பியை மூடினவன். ஆனால் 1,650 ரூபாய் என்பது எனக்கு நிலாவெளிக்கு ஒரு ஹயர் போய் வந்த காசு. அதைக் கொடுத்து வாங்கின சாமானைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

சாமான் இதுதான்: சின்னப் பிள்ளைகளுக்கான மூன்றெழுத்துச் சொல் அட்டைப் பெட்டி. மஞ்சள் நிறம், மூடியில் கண்ணாடி போட்ட யானை. கொம்பனிப் பெயரை எழுதவில்லை. இதே மாதிரிப் பெட்டிகளை வேறு பெயர்களிலும் கடைகளில் புரட்டிப் பார்த்தேன், குறைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே இரண்டு கட்டு. சிவப்பு றப்பர் பாண்ட் போட்டது தமிழ், 72 அட்டை. நீலம் போட்டது ஆங்கிலம், 48 அட்டை. நாலாக மடித்த வழிகாட்டித் தாள் ஒன்று. அச்சடித்தது இந்தியாவில்.

வாங்கின காரணத்தைச் சொல்லவேண்டும். மகளுக்கு ஐந்து வயது, முன்பள்ளி முடித்துத் தரம் ஒன்றுக்குப் போகப்போகிறாள். மூன்று வயதில் தைப்பூசத்தன்று கோவிலில் ஏடு தொடக்கினோம். ஐயர் அவளுடைய விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதினார். அதற்குப் பிறகு என்னுடைய மாமி, வீட்டு முற்றத்து மணலில் மிச்ச எழுத்துகளையும் எழுதிக் காட்டினா. ஆனா, ஆவன்னா, இனா, ஈயன்னா என்று தொடங்கினால் மகள் மூச்சு விடாமல் பாட்டாகவே பாடுவாள். கானா வரிசையும் வரும். ஆனால் 'படம்' என்று எழுதி நீட்டினால் வாயைத் திறக்கமாட்டாள். எழுத்துத் தெரியும், சொல் தெரியாது. பாட்டுக்கும் வாசிப்புக்கும் நடுவில் ஒரு பாலம் தேவைப்பட்டது. அந்தப் பாலத்தைக் கடையில் விற்கிறார்கள் என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

முதல் கிழமை எனக்குத் தலைகால் புரியவில்லை. அட்டையை எடுப்பேன், படார் என்று சொல்வாள். மரம். பழம். மயில். முயல். அணில். ஐந்து நாளில் நாற்பது அட்டை. ஸ்டாண்டில் நிற்கிற எல்லாரிடமும் பீத்திக்கொண்டேன். கிண்ணியாவிலிருந்து வந்து ஓடுகிற, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற அண்ணர் ஒருவர் இருக்கிறார், அவருடைய மகனுக்கும் இதே வயது. "என்ன தம்பி, அந்தப் பெட்டியை எங்க வாங்கின?" என்று கேட்டுக் கடைப் பெயரைக் கைபேசியில் குறித்துக்கொண்டார். நல்ல வேளை, அவர் உடனே போய் வாங்கவில்லை.

ஆறாம் நாள் ஒரு அட்டை வந்தது. படத்தில் கொடியில் தொங்குகிற நீலத் துவாய். கீழே எழுத்து: துண்டு. இந்தியாவில் துவாயைத் துண்டு என்றுதான் சொல்வார்கள். நம்முடைய ஊரில் துண்டு என்றால் கடைக்காரர் கணக்கு எழுதித் தருகிற கடதாசி. மகள் அட்டையைப் பார்த்தாள்.

"துவாய்!"

"வடிவாப் பாருங்கோ பிள்ளை."

"துவாய்தான் அப்பா. அம்மாட துவாய் மாதிரி."

எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. துவாய்க்கும் மூன்று எழுத்து, துண்டுக்கும் மூன்று எழுத்து, முதல் எழுத்தும் ஒன்று. ஆனால் அவள் எழுத்தின் பக்கம் கண்ணையே கொண்டுபோகவில்லை. கையால் படத்தை மறைத்துக்கொண்டு பழைய அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டினேன். மரம், தெரியாது. மயில், தெரியாது. அணில், "அப்பா கையை எடுங்கோவன்." நாற்பது அட்டையில் அவளுக்கு வாசிக்கத் தெரிந்தது ஒன்றுமில்லை. ஐந்து நாளும் படத்துக்குப் பெயர் சொல்லியிருக்கிறாள், நான் அதை வாசிப்பு என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பெட்டியின் முதலாவது குறையும் பெரிய குறையும் அதுதான். படமும் சொல்லும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, அதுவும் படம் முக்கால்வாசி, சொல் கால்வாசி. பிள்ளை முட்டாள் இல்லை. லேசான வழி முன்னால் கிடக்கும்போது கஷ்டமான வழியால் யார் போவார்கள்? படத்தைப் பின்பக்கத்தில் போட்டிருந்தால், முதலில் வாசித்துவிட்டுத் திருப்பிப் பார்த்துச் சரியா பிழையா என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும். அதற்கு ஒரு சதம் கூடச் செலவில்லை. பின்பக்கத்தில் இப்போது இருப்பது அந்தக் கண்ணாடி போட்ட யானை, 72 தரம்.

அன்றிரவு கத்தரிக்கோலை எடுத்து எல்லா அட்டையிலும் படத்தை வெட்டினேன். "புதுச் சாமானை இப்பிடி நாசமாக்கிறீங்களே" என்று மனைவி ஏசினா. வெட்டின படங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டோம். சொல்லை வாசித்த பிறகு டின்னுக்குள் அதன் படத்தைத் தேடி எடுக்கவேண்டும், அதுதான் விளையாட்டு. பெட்டியை விட இந்த டின் நன்றாக வேலை செய்தது.

இரண்டாவது சிக்கல் பெட்டியோடு வந்த தாளில் இருந்தது. ஒவ்வொரு எழுத்தின் பெயரையும் சொல்லிப் பிறகு சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். ம, ர, இம். மெய்யெழுத்தை இக், இங், இச் என்றுதான் நாங்களும் படித்தோம், மாமியும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தா. ஆகவே மகள் சொன்னாள்:

"ம... ர... இம்."

"சேர்த்துச் சொல்லுங்கோ."

"மரயிம்."

நான் சிரித்துவிட்டேன், அவள் அழுதுவிட்டாள். சிரித்திருக்கக்கூடாது. அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இம் என்று சொல்லச் சொல்லிவிட்டு, அந்த 'இ' எங்கே போகவேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லையே. புள்ளி வைத்த எழுத்துக்கு அந்த 'இ' வெறும் ஊன்றுகோல். பெயர் சொல்வதற்காகப் பிடித்துக்கொள்கிறோம், சொல்லுக்குள் நுழையும்போது அதை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும். நான் கண்டுபிடித்த வழி, இரண்டு எழுத்தை முதலில் சேர்த்துவிடுவது: "மர." பிறகு ஒன்றும் சொல்லாமல் வாயை மூடு. மரம். 'ம்' தானாக வந்துவிடும். கடல் என்றால் "கட" என்று சொல்லிவிட்டு நாக்கை மேலே ஒட்டு.

இதையெல்லாம் படிப்பித்தது ஆட்டோவில்தான். மத்தியானம் முன்பள்ளி விட்டதும் அவளை ஏற்றிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்துவிடுவேன். ஹயர் வரும்வரைக்கும் அவள் பின் சீற்றில், நான் முன்னால், அட்டையைத் தோளுக்கு மேலால் நீட்டுவேன். பக்கக் கண்ணாடியில் அவளுடைய வாய் மட்டும் தெரியும். "பட" என்று திறந்த வாய், ஒரு கணம் யோசித்து, இரண்டு உதடும் ஒட்டுகிற நேரத்தில் கண் பெரிதாகும். படம்! அந்தக் கண்ணாடியை அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பின்னால் வருகிற வாகனத்தைப் பார்ப்பதற்குத் திருப்ப மறந்து, பொலிஸ்காரரிடம் பேச்சு வாங்கினேன். அது வேறு கதை.

எழுத்தின் வடிவத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பிள்ளைகளுக்கு வடிவாக இருக்கட்டும் என்று உருண்டையான, கொழுத்த எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அதில் 'ர'வின் கீழ்வால் அறவே இல்லை, காலும் 'ர'வும் ஒரே மாதிரி நிற்கின்றன. மகள் 'மரம்' அட்டையை "மாம்" என்று வாசித்தாள். நானே தூரத்தில் வைத்துப் பார்த்தேன், மாம்தான். கறுப்புப் பேனையால் எல்லா 'ர'வுக்கும் வால் போட்டேன்.

அட்டைகளின் வரிசையும் குழப்பம். படம், மரம் போன்ற கொம்பு, கால், சுழி இல்லாத சொற்களுக்கு நடுவிலேயே பெட்டி, கொக்கு, தென்னை எல்லாம் கிடக்கின்றன. 'பெட்டி' மூன்றெழுத்துத்தான், சண்டை இல்லை. ஆனால் கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, வாயில் முதலில் வருவது 'ப'வின் சத்தம். இடமிருந்து வலமாக வாசி என்று இப்போதுதான் சொல்லிக் கொடுத்த பிள்ளைக்கு, இது மட்டும் பின்னால் போய் முன்னால் வா என்றால் என்ன செய்யும்? 'கொ' இன்னும் மோசம், எழுத்துக்கு இரண்டு பக்கமும் காவல் நிற்கிறது. இவற்றைக் கடைசியில் வைக்கவேண்டும், அல்லது வேறு நிற அட்டையில் போடவேண்டும். இரண்டும் செய்யவில்லை. நானே பிரித்து, கொம்பு உள்ளவற்றை எல்லாம் ஒரு பழைய ரொபி டப்பாவில் போட்டு மூடி வைத்தேன்.

முன்பள்ளி ரீச்சரிடம் ஒரு நாள் இதைக் கதைத்தபோது, பெட்டி 247 எழுத்துக்கும் அவசரப்படுகிறது, நீங்கள் அவசரப்படவேண்டாம் என்றா. "ஏழு எழுத்தோட இருங்கோ தம்பி. க, ட, த, ப, ம, ர, பிறகு அந்த ம். அதுக்குள்ளயே எத்தனை சொல் வருது எண்டு எழுதிப் பாருங்கோ." ஸ்டாண்டில் இருந்துகொண்டு எழுதிப் பார்த்தேன். படம், மரம், மடம், மதம், தரம், தடம், பதம், ரதம், கரம், கடம். பத்து! இதில் கடமும் பதமும் அவளுக்குப் பொருள் தெரியாத சொற்கள். ஆனால் தரம் என்றால் தெரியும், அவள் போகப்போவதே தரம் ஒன்றுக்கு. ரதம் தேர் என்று சொல்லிக் கொடுத்தேன். இந்தப் பத்தில் பெட்டியில் இருந்தது மூன்றே மூன்று. மிச்சத்தை, உடுக்கிற சாரம் வாங்கும்போது உள்ளே வைத்து வருகிற மட்டையை வெட்டி நானே எழுதினேன்.

ஒரு எழுத்தை மட்டும் மாற்றுகிற விளையாட்டும் ரீச்சர் சொன்னதுதான். படம், பழம், பணம், பயம். நடு எழுத்து மட்டும் மாறும், இரண்டு பக்கமும் அப்படியே நிற்கும். பிறகு கடைசி எழுத்து: கடல், கடன். மகள் இரண்டையும் மாறி மாறிப் பத்துத் தரம் வாசித்தாள். கடல் தெரியும், வீட்டிலிருந்து நடந்தால் டச்பே கடற்கரை. "கடன் எண்டா என்னப்பா?" என்று கேட்டாள். நாங்கள் உட்கார்ந்திருக்கிற ஆட்டோவைக் காட்டினேன். லீசிங் முடிய இன்னும் பதினெட்டு மாதம்.

அட்டையின் தரத்துக்கு வருவோம். தடிப்புப் போதாது. வாடைக்காற்று தொடங்கி ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்ததும் எல்லா அட்டையும் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. கடற்கரை ஊரில் பாவிக்கிற சாமானுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சாவது வேண்டும். அதிகம் பாவித்த முப்பது அட்டையைக் கொமினிக்கேசன் கடையில் கொடுத்து லமினேற் பண்ணினேன், அதற்கு வேறு 480 ரூபாய் போனது. ஓரங்கள் கூர், வட்டமாக வெட்டவில்லை, சின்ன மகன் வாயில் வைத்து உதட்டைக் கீறிக்கொண்டான். மையைப் பற்றிக் குறை சொல்லமாட்டேன், எச்சில் பட்டும் கரையவில்லை.

72 அட்டையில் இப்போது என்னிடம் இருப்பது 71. ஒரு வெள்ளிக்கிழமை கோணேஸ்வரத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கோட்டைக்குள் போனோம். அவர்கள் மேலே பூசைக்குப் போக, நாங்கள் மரநிழலில் அட்டையைப் பரப்பிக்கொண்டு இருந்தோம். திருகோணமலை மான்களைத் தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. ஒரு புள்ளிமான் சத்தமில்லாமல் வந்து, சீற்றின் ஓரத்தில் இருந்த அட்டையை இழுத்து மென்றுகொண்டே போய்விட்டது. "அப்பா, மான் முயலைச் சாப்பிட்டிட்டுது!" என்று இவள் கத்தினதைக் கேட்டுக் கச்சான் விற்கிற அம்மா எழும்பி ஓடி வந்தா. லமினேற் பண்ணாத அட்டை என்பதால் மானுக்கு ஒன்றும் ஆகியிராது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு கோட்டைக்குள் பெட்டியைத் திறப்பதில்லை.

சொற்களைப் பற்றி இன்னொரு வார்த்தை. பெட்டியில் நம்முடைய வாய்க்கு வராத சொற்கள் ஏழெட்டு இருக்கின்றன. அதை ஒரு பெரிய குற்றமாக நான் சொல்லவில்லை, அங்கே அச்சடித்தது அங்குள்ள பிள்ளைகளுக்கு. ஆனால் இங்கே இறக்கி விற்கிறவர்கள் பத்து அட்டையாவது புதிதாகச் சேர்க்கலாமே. கதிரை மூன்றெழுத்து. துவாய் மூன்றெழுத்து. இறால், நண்டு, வயல், எல்லாம் மூன்றெழுத்து. "எங்கட வள்ளம் நாலெழுத்தாப் போச்சு, இல்லாட்டி அதையும் போடலாம்" என்று நானா சொன்னார். அவர் கடைசியில் பெட்டி வாங்கவில்லை. நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு மகனுக்குச் சாரத்து மட்டையிலேயே எழுதிக் கொடுத்தார். அந்தப் பையனும் இப்போது வாசிக்கிறான். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

நீலக்கட்டு, அதாவது ஆங்கிலம், இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது. தரம் ஒன்றில் ஆங்கிலத்தை வாயால் கதைத்துப் பழக்குவதுதான், பாடப் புத்தகத்தோடு தொடங்குவது தரம் மூன்றில். ஆகவே அவசரமில்லை. ஆனாலும் எழுதவேண்டியது ஒன்று உண்டு. இங்கேயும் வழிகாட்டித் தாள் அதே பிழையைத்தான் செய்கிறது: சீ, ஏ, டீ என்று எழுத்தின் பெயரைச் சொல்லி, கட் (cat, பூனை) என்று முடிக்கச் சொல்கிறது. சீயும் ஏயும் டீயும் சேர்ந்தால் எந்த ஊரில் கட் வரும்? எழுத்தின் பெயர் வேறு, சத்தம் வேறு. சத்தத்தைத்தான் சேர்க்கவேண்டும். அதிலும் பூனையில் தொடங்கக்கூடாது என்று ரீச்சர் சொன்னா. முதல் சத்தத்தை நீட்டிப் பிடிக்கக்கூடிய சொல்லில் தொடங்கவேண்டுமாம். 'மட்' (mat) என்றால் ம்ம்ம் என்று எவ்வளவு நேரமும் இழுக்கலாம், இழுத்தபடியே அடுத்த சத்தத்துக்குப் போகலாம். 'சன்', 'ரன்' எல்லாம் அப்படித்தான். 'கட்', 'பட்' இரண்டையும் இழுக்க முடியாது, தொடங்கின உடனே முறிந்துவிடும். இழுக்கிற சொற்களில் தொடங்கினேன், இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டாள்.

தடுக்கி விழுந்தது 'பிக்'கில். ஒரு அட்டையில் பன்றி (pig), இன்னொரு அட்டையில் பெரிய பந்து (big). என் வாயில் இரண்டும் ஒரே 'பிக்'. நமக்கு 'ப' ஒன்றுதான், இடத்தைப் பார்த்துச் சத்தம் மாறிக்கொள்ளும். பாலுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு எழுத்து. தொண்டையில் கை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன்: பந்து அட்டைக்குத் தொடக்கத்திலேயே அதிரும், பன்றி அட்டைக்கு அதிராது. இப்போது வீட்டில் யார் என்ன சொன்னாலும் அவர்களுடைய தொண்டையைப் பிடித்துப் பார்க்கிறாள். மாமிக்குக் கோபம்.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: 1,650 கொடுக்கவேண்டாம். 1,200க்குத் தந்தால் வாங்குங்கள், கத்தரிக்கோலும் கறுப்புப் பேனையும் வீட்டில் இருந்தால். கடைக்காரரில் பிழையில்லை, நான் பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். கட்டின றப்பர் பாண்டுகள் மட்டும் இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன.

போன கிழமை மகள் பின் சீற்றில் அட்டை எதுவும் இல்லாமல் இருந்தாள். எதிரே பஸ் ஒன்று வந்து நின்றது. பலகையில் மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். நடுவரியைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். படம் ஒன்றும் இல்லை. கண்ணாடியில் வாய் அசைந்தது. "மூ... தூ..." நாக்கு மேலே போனது. "மூதூர். அப்பா, மூதூர்!" இரண்டு சுழியும் அவளுக்கு எப்போது பிடிபட்டது என்று எனக்கே தெரியாது, நான் படிப்பிக்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்று வாசித்தாள். கண்டி. அதுவும் மூன்று. பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். ஆட்டோ மூன்று. பஸ் இரண்டு. "இங்கிலீசில பஸ் மூண்டு அப்பா!" என்று பஸ்ஸின் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டினாள், கொண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

'திருகோணமலை' என்று எழுதின பலகையைக் காட்டினேன். ஆறு என்று எண்ணினாள். தி, ரு வரைக்கும் வந்து 'கோ'வில் நின்றுவிட்டாள். அது இன்னும் ரொபி டப்பாவுக்குள்தான் கிடக்கிறது. கிண்ணியாவுக்கு ஹயர் ஒன்று வந்தது, ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.